பழைய வானில் நீண்ட பயணம்: பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னர் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்றிவரக் கட்டுநாயக்கவுக்கு இரவோடிரவாகப் போவது, பாடசாலை விடுமுறையில் நுவரெலியா, ஆடி மாதத்தில் கதிர்காமம், அதற்குப் பிறகு மடு. வடக்கு, கிழக்கில் குடும்பமாகச் செல்லும் நீண்ட பயணம் என்றால் பெரும்பாலும் அது வான் பயணம்தான். அந்த வானும் புதியதாக இருப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி வந்த பின்னரும் வரிகளோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே ‘டொல்பின்’ என்று நம்மவர்கள் அழைக்கும் டொயோட்டா ஹையேஸ் வான்களும் அவற்றின் வயதையொத்த ஏனைய வான்களும் திருத்தித் திருத்தி ஓட்டப்படுகின்றன.

இயந்திரத்துக்கும் ரயருக்கும் அடுத்தபடியாக இந்த வான்களில் அதிகம் பணம் செலவழிக்கப்படும் இடம் ஒலியமைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அவ்வளவு நேரமும் பாட்டில்லாமல் போவதை எவரும் விரும்புவதில்லை. ஆனால் செலவழித்த பின்னரும் முறைப்பாடுகள் குறைவதில்லை. பெரிய பெட்டி போட்டும் பாடல் வரிகள் விளங்கவில்லை, பின் இருக்கையில் ஒன்றும் கேட்கவில்லை, முன் இருக்கையில் காது வலிக்கிறது, பற்றரி அடிக்கடி இறங்குகிறது. சில வேளைகளில் வயர் எரிந்து புகை வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. பெரும்பாலானவற்றைக் குறைந்த செலவில் சரிசெய்யவும் முடியும்.

முதலில் இரைச்சலைக் குறையுங்கள்

ஹையேஸ் போன்ற பழைய வான்களில் இயந்திரம் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. சாரதியும் பக்கத்தில் இருப்பவரும் டீசல் இயந்திரத்தின் மேலேயே அமர்ந்து பயணிக்கிறார்கள். அதோடு வீதியிலிருந்து வரும் ரயர் சத்தமும், கதவு இடுக்குகளால் வரும் காற்றுச் சத்தமும் சேர்ந்துகொள்கின்றன. இந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் இருப்பதால், பாட்டின் தவில், மிருதங்கம், பேஸ் கிற்றார் போன்ற தாழ்ந்த ஒலிகளே முதலில் அமுங்கிப் போகின்றன. பேஸ் போதவில்லை என்று நினைத்து அதைக் கூட்டுகிறோம். சிறிய ஸ்பீக்கரால் அதைத் தாங்க முடியாமல் ஒலி கரகரக்கத் தொடங்குகிறது.

ஒலியின் அளவு டெசிபல் என்ற அலகில் கணக்கிடப்படுகிறது. ஒலியை 3 டெசிபல் உயர்த்த வேண்டுமென்றால் அம்பிளிபயரின் வலு இரண்டு மடங்காக வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வலு பத்து மடங்காக வேண்டும். இதையே மறுபக்கமாகப் பார்த்தால், வானுக்குள் இரைச்சலை 3 டெசிபல் குறைப்பது அம்பிளிபயரை இரண்டு மடங்கு பெரிதாக்குவதற்குச் சமம். அதற்கு மின்சாரம் தேவையில்லை, காதுக்கும் கேடில்லை.

தொடங்க வேண்டிய இடம் இயந்திர மூடியைச் சுற்றியுள்ள றப்பர் சீல். இருபது, முப்பது வருட வெப்பத்தில் அது காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றினாலே சத்தம் குறைவது தெரியும். இதில் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. புகைக்குழாயில் எங்காவது கசிவு இருந்தால் காபன் மொனொக்சைட் வாயு அந்த இடுக்கு வழியாகவே உள்ளே வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கண்ணாடிகளை மூடி ஏசி போட்டுக்கொண்டு குழந்தைகள் தூங்கும் இரவுப் பயணத்தில் அது மிகவும் ஆபத்தானது. ஆகவே சீல் மாற்றும்போது புகைக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கதவு றப்பர்கள், ஆடும் பிளாஸ்ரிக் பகுதிகள், கழன்ற திருகாணிகள். இவற்றை ஓர் அரை நாளில் தேடி இறுக்கிவிடலாம்.

கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளில் இந்த இழப்பு மிக அதிகம். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது இதனால்தான். வானில் கதவின் உட்புறமே அந்தப் பெட்டியின் வேலையைச் செய்கிறது. பழைய வான் கதவோ மெல்லிய தகடு. உட்பக்கத்தில் பெரிய துவாரங்கள். ஒருகாலத்தில் அவற்றை மூடியிருந்த பொலித்தீன் தாளும் கிழிந்து போயிருக்கும்.

கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தில் பியூற்றைல் றப்பர் தாளை ஒட்டினால் தகட்டின் அதிர்வு அடங்கும். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில் கால்வாசியளவு ஒட்டினாலே பெரும் பயன் கிடைக்கும். கூரைக்குப் போடும் தார்த் தாள் மலிவு என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம். நம்முடைய வெயிலில் அது இளகி வழியும், வானுக்குள் மணக்கும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துவாரங்களையும் அடைக்கக்கூடாது; அடைத்தால் ஒரே மாரியில் கதவு கறள் பிடித்துவிடும்.

புதிய ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சோதியுங்கள். பழைய ஸ்பீக்கர்களின் கூம்பு கடதாசியால் ஆனது. அதன் விளிம்பு ஈரப்பதனாலும் வெப்பத்தாலும் உக்கிப் போகும். விளிம்பு கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கிழியவில்லை, ஆனால் பேஸ் இல்லை என்றால் வயர் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். ஒரு பக்க ஸ்பீக்கரில் நேர், மறை முனைகள் மாறியிருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். செற்றிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியால் ஸ்பீக்கர் வயரை ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் நேர் முனை ஸ்பீக்கரின் நேர் முனையைத் தொடும்போது கூம்பு வெளியே தள்ள வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பார்த்தால் போதும்.

ஜப்பான் செற்றும் நம்முடைய எப்.எம்.மும்

ஜப்பானிலிருந்து வந்த பழைய வானில் தொழிற்சாலைச் செற் இன்னும் இருந்தால், வானொலி ஏன் அரைகுறையாக வேலை செய்கிறது என்ற கேள்வி எழும். ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நீண்ட காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே இருந்தது. இலங்கையில் அது 87.5 முதல் 108 வரை. ஆகவே ஜப்பான் செற்றுக்கு நம்முடைய அலைவரிசைகளில் மிகச் சிலவே எட்டும்.

இதற்காக அன்ரனா வயருக்கு நடுவில் ‘பாண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சிறிய பெட்டியைப் பொருத்துவார்கள். அது ஒலிபரப்பின் அலைவரிசையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிச் செற்றுக்குக் கொடுக்கும். 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால், 100 இல் ஒலிபரப்பாகும் நிலையம் செற்றில் 86 என்று காட்டும். ஆனால் செற்றின் வீச்சு 14 மெகாஹேர்ட்ஸ்தான். எனவே இந்தப் பெட்டியால் 90 முதல் 104 வரை கேட்கலாம். அதற்கு மேலுள்ளவை கிடைக்கா. 18 இறக்கும் பெட்டியென்றால் 94 முதல் 108 வரை. எதை வாங்கினாலும் சில நிலையங்களை இழக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் பலவீனமான ஒலிபரப்பில் இரைச்சலும் கூடும்.

அடிக்கடி வானொலி கேட்பவராக இருந்தால் செற்றை மாற்றுவதே நல்லது. டொயோட்டாவில் செற் பொருத்தும் இடம் 200 மில்லிமீற்றர் அகலம். பொதுவான செற்கள் ஏறத்தாழ 180. இரு பக்க இடைவெளிக்கான பிளாஸ்ரிக் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். அதேபோல டொயோட்டாவின் 10 முனை, 6 முனை இணைப்பிகளுக்குப் பொருந்தும் வயர் தொகுதியும் கிடைக்கும். அதை வாங்கினால் வானின் மூல வயரை வெட்ட வேண்டியதில்லை. வெட்டி முறுக்கி ரேப் சுற்றும் ஒவ்வொரு இணைப்பும் பின்னொரு நாளில் பிரச்சினை தரும் இடம்.

பெட்டியில் எழுதிய வாட்ஸும் உண்மையான வாட்ஸும்

செற்றின் பெட்டியில் ‘50 வாட்ஸ் x 4’ என்று இருக்கும். கூட்டினால் 200 வாட்ஸ். செற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பல செற்களில் இருப்பது 10 அம்பியர் பியூஸ். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். 10 அம்பியரை 14 ஆல் பெருக்கினால் 140 வாட்ஸ். உள்ளே போகும் மின்சாரமே 140 வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து போக முடியாதென்றால், 200 வாட்ஸ் ஒலி எப்படித் தொடர்ந்து வரும்? உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான் தொடர்ச்சியாகக் கிடைக்கும். பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கப்பட்ட எண்ணை. உச்ச வலு என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண் விற்பனைக்கானது.

சீல்கள் மாற்றிய, கதவு அடக்கிய வானில் அந்த 15 வாட்ஸ் பாட்டுக் கேட்கப் போதுமானது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறிய நான்கு வழி அம்பிளிபயர் ஒன்றும், இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப் வூபர் ஒன்றும் போதும். அப்போது செற்றின் அமைப்பில் ‘எச்.பி.எப்.’ என்பதை 80 அல்லது 100 ஹேர்ட்ஸில் வைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலி சப்புக்கு மட்டும் போகும். கதவு ஸ்பீக்கர்கள் திணறாமல் குரலைத் தெளிவாகத் தரும். பாடல் வரிகள் விளங்கவில்லை என்ற முறைப்பாடு பெரும்பாலும் இந்த ஓர் அமைப்போடு தீர்ந்துவிடும்.

சப் பெட்டியை வானின் தரையோடு திருகாணியிட்டு இறுக்க வேண்டும். கட்டாமல் பின்னால் வைத்த 20 கிலோ பெட்டி, சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது முன்னால் இருப்பவரின் தலையை நோக்கியே வரும்.

தீ எங்கிருந்து தொடங்குகிறது

அம்பிளிபயருக்கான மின்சாரத்தைச் செற்றின் வயரிலிருந்தோ சிகரெட் லைற்றர் இணைப்பிலிருந்தோ எடுக்கக்கூடாது. பற்றரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அதன் பருமன் முக்கியம். 30 அம்பியர் மின்னோட்டம் 5 மீற்றர் செப்பு வயரில் போவதாக வைத்துக்கொள்வோம். வயர் 2 சதுர மில்லிமீற்றர் என்றால் வழியிலேயே ஏறத்தாழ 1.3 வோல்ட் இழக்கப்படும். கிட்டத்தட்ட 40 வாட்ஸ் வெப்பமாக வயருக்குள்ளேயே தங்கும். அந்த வயர் தரை விரிப்புக்கு அடியில் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதே இடத்தில் 8 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.33 வோல்ட், வெப்பம் 10 வாட்ஸ்.

மலிவாகக் கிடைக்கும் பல வயர்கள் உள்ளே அலுமினியம், வெளியே செப்புப் பூச்சு. வயர் நுனியைப் பிளேட்டால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அது ஒரேயடியாகக் கூடாது என்றில்லை; ஆனால் செப்பைவிட மின்கடத்தும் திறன் குறைவு என்பதால் ஓர் அளவு பெரிதாகப் போட வேண்டும்.

பியூஸ் பற்றரிக்கு அருகில், ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பலர் அதை அம்பிளிபயருக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது அம்பிளிபயரை அல்ல, வயரை. வயர் நடுவழியில் தகட்டில் உராய்ந்து தோல் உரிந்து பொடியைத் தொட்டால், பற்றரியின் முழு மின்னோட்டமும் அந்த வயரால் பாயும். பியூஸ் பற்றரிப் பக்கத்தில் இருந்தால் கணப்பொழுதில் அறுந்துவிடும். மறுமுனையில் இருந்தால் அது அறுவதற்கான வழியே இல்லை, வயர் எரியும். தகட்டில் வயர் நுழையும் துவாரத்துக்கு றப்பர் வளையம் போடுவதும் இதனால்தான். பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு சிறிய பியூஸை மிச்சம்பிடிக்க வானையே பணயம் வைக்கும் வேலை அது.

இயந்திர வேகம் கூடும்போது ஸ்பீக்கரில் ‘கீ...’ என்ற சத்தமும் கூடுகிறதென்றால் அது அல்டனேற்றரின் சத்தம். பெரும்பாலும் எர்த் இணைப்பே காரணம். பெயின்ற்றைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்க வேண்டும். செற்றிலிருந்து வரும் ஒலி வயரை மின் வயரோடு சேர்த்துக் கட்டாமல் மறுபக்கத்தால் கொண்டுபோக வேண்டும்.

பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்

கடற்கரையில் நிறுத்திவிட்டு, இயந்திரத்தை அணைத்து, பாட்டை மட்டும் ஓடவிடுவது வழக்கம். புதிய 70 அம்பியர்-மணி பற்றரியில் பாதியைத்தான் அப்படிப் பயன்படுத்தலாம், அதாவது 35. செற்றும் அம்பிளிபயரும் 8 அம்பியர் இழுத்தால் நான்கு மணித்தியாலம். பற்றரி பழையதென்றால் அதுவும் இல்லை. மின்னழுத்தம் 12.2 வோல்ட்டுக்கு வந்தால் பாதி முடிந்துவிட்டது என்று பொருள். சில நூறு ரூபாய் மீற்றரையே பொருத்தி வைத்தால் நள்ளிரவில் வானைத் தள்ளும் நிலை வராது.

வானைப் படுக்கை, விசிறி, விளக்கு வைத்துத் தங்கிச் செல்லும் வாகனமாக மாற்றுபவர்கள் இரண்டாவது பற்றரி ஒன்றைப் பொருத்துவது அவசியம். இயந்திரம் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, அணைத்ததும் பிரித்துவிடும் ரிலே கிடைக்கிறது. வானின் உட்பகுதியில் வைக்கும் பற்றரி சீல் செய்யப்பட்ட வகையாக இருக்க வேண்டும். சாதாரண பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும்.

ரோசா, கோஸ்ரர் போன்ற டீசல் மினி பஸ்களில் இருப்பது 24 வோல்ட். அங்கே இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செற்றுக்குக் கொடுப்பது பரவலான குறுக்குவழி. அதனால் ஒரு பற்றரி குறைவாகவும் மற்றது அளவுக்கு மிஞ்சியும் மின்னேறி இரண்டும் கெடும். 24 இலிருந்து 12 ஆக மாற்றும் கருவியே சரியான வழி.

பின் இருக்கைக்கும் கேட்க, சாரதிக்கும் கேட்க

பின்னால் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்று முன் ஸ்பீக்கரைக் கூட்டினால் பாதிக்கப்படுவது சாரதி. நீளமான வானுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைவிட, பக்கச் சுவர்களில் பரவலாக நான்கு அல்லது ஆறு சிறியவற்றைக் குறைந்த சத்தத்தில் வைப்பது நல்லது. எல்லோருக்கும் அருகில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும்; யாருக்கும் காது வலிக்காது. எண்ணிக்கையைக் கூட்டும்போது, செற் தாங்கும் ஓம் அளவுக்குக் கீழே போகாதபடி இணைக்க வேண்டும்.

காதுக்கும் ஓர் எல்லை உண்டு. தொழிலிடங்களுக்கான பொதுவான அளவுகோலின்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் பாதுகாப்பானது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 இல் நான்கு மணித்தியாலம், 91 இல் இரண்டு. வாடகை வான் ஓட்டும் சாரதி வாரத்தில் பல நாட்கள் இதற்குள் இருக்கிறார். அப்படி இழந்த கேட்கும் திறன் திரும்பி வருவதில்லை.

காதைவிட உடனடியான ஆபத்தும் ஒன்று இருக்கிறது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்த பிறகு, வடக்கில் பல கிராம வீதிகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. காவலாளியில்லாத கடவைகளில் நடந்த விபத்துகளை இங்கே எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய கடவையில் சாரதிக்கு இருக்கும் இறுதி எச்சரிக்கை ரயிலின் ஹோர்ண் சத்தம். கண்ணாடி மூடிய, ஏசி போட்ட, பாட்டு உச்சத்திலுள்ள வானுக்குள் அது வந்து சேராது. கடவையை நெருங்கும்போது பாட்டை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவது ஒரு சில வினாடி வேலை.

நித்திரைக்கு மருந்தாகவும் பாட்டைக் கருத வேண்டாம். சத்தம் சாரதியைச் சில நிமிடங்கள் உசார்ப்படுத்தும். ஆனால் களைப்பை மாற்றாது. ஏ9 வீதியில் நள்ளிரவுக்குப் பின் கண் சொருகினால் செய்ய வேண்டியது வானை ஓரங்கட்டி அரை மணித்தியாலம் தூங்குவது.

எதற்கு முதலில் செலவழிப்பது

கையிலுள்ள பணம் குறைவென்றால் ஒழுங்கு இதுதான்: முதலில் இயந்திர மூடி, கதவு சீல்கள். பிறகு முன் கதவுகளுக்கு றப்பர் தாளும் நல்ல ஸ்பீக்கரும். மூன்றாவது செற். அதற்குப் பின்னும் போதவில்லை என்றால் மட்டும் சரியான வயர், பியூஸோடு அம்பிளிபயர். சப் வூபர் கடைசி. பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்வதால்தான் செலவு கூடுகிறது, பலன் கிடைப்பதில்லை.

வேலை முடிந்து கராஜிலிருந்து வானை எடுக்கும்போது இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். அரை மணித்தியாலம் வழமையான சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, மின் வயரையும் பியூஸ் தாங்கியையும் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் வயர் சிறிது அல்லது இணைப்பு தளர்வு. பணம் கொடுக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். பிறகு கதவு, கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தை ஓடவிட்டு, பயணத்தில் வைக்கும் அதே சத்தத்தில் பாட்டைப் போடுங்கள். ஐம்பது மீற்றர் பின்னால் ஒருவரை நிறுத்தி மோட்டார் சைக்கிள் ஹோர்ணை அடிக்கச் சொல்லுங்கள். அது சாரதி இருக்கையில் கேட்கவில்லையென்றால், கேட்கும்வரை பாட்டைக் குறையுங்கள். அந்த இடத்தைச் செற்றில் குறித்து வையுங்கள். அந்த வானின் உச்சச் சத்தம் அதுதான்.